சாமியார் வீட்டுத் தந்தி

என் பாப்பாவுக்கு,

உறையின் மேல் கன்னியர் மடத்தில் உனக்கு வைத்த புதுப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்ததும், யாரோ பெரிய மனுஷிக்கு மனுப் போடுகிறவனைப்போல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. உறைக்குள் வந்துவிட்டாய் அல்லவா, இங்கே நீ பாப்பாதான். உன்னிடம் கொடுக்குமுன் இதைப் பிரித்துப் படிக்கிற மதர் அவர்களுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிடுகிறேன். மதர், நீங்கள் பிரித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அடுத்தவர் பெயருக்கு வந்ததைப் பிரித்துப் படிப்பதில் நான் உங்களுக்கு மூத்தவன். அந்தக் கதையும் இதில் வருகிறது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதில் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. பெண் கலங்கிப்போவாளே என்று நீங்கள் இதை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். கப்பல் ஏறுவதற்குமுன் கொடுத்துவிடுங்கள்.

சமாச்சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாப்பா. எனக்குத் தொண்டையில் ஒரு கட்டி. கோடையிலிருந்து இருமல், இருமல் என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தோமே, அது இருமல் இல்லை. மதராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தோம். அறுத்து எடுத்த பிறகுதான் அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று சொல்ல முடியுமாம். நீ பம்பாயில் கப்பலேறி ஒன்பதாம் நாள், அதாவது நீ மிஷன் வேலைக்காக ஆப்பிரிக்காவில் காலை ஊன்றுகிற நாளிலோ மறுநாளோ, எனக்கு ஆபரேஷன். நீ போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு மாதிரி கால் பாவிய பிறகு, இரண்டு மாதம் கழித்து மெதுவாக உன் காதில் போடலாம் என்று உன் அம்மா தலைமையில் முடிவாகியிருக்கிறது. சித்தப்பா, அத்தை, மாமா எல்லோரிடமும் சத்தியம் வாங்கியாயிற்று. என்னிடம் மட்டும் வாங்க மறந்துவிட்டாள். வியாதிக்காரன்தானே, இவன் எங்கே போய்ச் சொல்லப்போகிறான் என்று நினைத்திருப்பாள். நான் ஏன் இந்த முடிவை மீறுகிறேன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு காகிதமும்.

மார்ட்டின் சாமியை உனக்கு நன்றாக நினைவிருக்கும். ஐம்பத்து மூன்றில் அவர் நம் பாலக்கரைத் தெருவுக்கு வந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது, உனக்கு எட்டு. நான் பகலில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, மாலையில் அவருக்குத் தமிழ் வாத்தியார். அயர்லாந்து என்ற தேசத்திலிருந்து வந்தவர். அப்பா உருளைக்கிழங்கு போடுகிற குடியானவர், அம்மா இல்லை, ஒரே ஒரு அக்கா. இதெல்லாம் வந்த முதல் வாரத்திலேயே தெருவுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் தெரு கேட்டது. அம்மா எப்ப தவறுனாங்க, ஏன் கல்யாணம் கட்டிக்கலை, இவ்வளவு தூரம் புள்ளைய அனுப்பிட்டு அப்பா அங்க யார் கையில சாப்பிடுறாரு, மூஞ்சியில இருக்கற புள்ளியெல்லாம் அம்மை போட்டதா? எல்லாவற்றுக்கும் அவர் நின்று பதில் சொல்வார். நீ ஒருநாள் ஞானோபதேச வகுப்பில் அவர் கையிலிருந்த பழுப்புப் புள்ளிகளை எண்ண ஆரம்பித்து, முழங்கைக்கு மேலே சட்டையைச் சுருட்டச் சொன்னாய். அவரும் சுருட்டினார். நூற்றைத் தாண்டியதும் உனக்குக் கணக்குத் தவறிப்போய், முதலிலிருந்து எண்ணட்டுமா என்று கேட்டாயாம். "நாளை வா. நான் ஓடிப்போக மாட்டேன்," என்றாராம்.

வெளிதேசத்தில் ஒரு இளம் மிஷனரி எப்படி நாளைக் கழிக்கிறார் என்று பார்க்க எனக்கு அப்போது அடங்காத ஆவல். தமிழ் சொல்லிக்கொடுக்கும் சாக்கில் அவர் தண்ணீர்ப் பானையிலிருந்து தலையணைவரை பார்த்தவன் நான். விடியுமுன் பூசை. பிறகு தெருமுனை ரஹீம் பாய் ரொட்டிக்கடையிலிருந்து இரண்டு துண்டு ரொட்டி, பால் விடாத டீ. அந்த டீயைப் பார்த்துவிட்டு, பால் வாங்க வழியில்லாத சாமியார் என்று உன் அம்மா ஒரு செம்பு பால் கொடுத்தனுப்பினாள். அவர் அதைக் குடிக்கவும் தெரியாமல் மறுக்கவும் தெரியாமல் பூனைக்கு வைத்தார். அந்தப் பூனை நான்கே மாதத்தில் கோயிலுக்கே தர்மகர்த்தா மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது மணிக்குள் அவர் அங்கி நனைந்து முதுகில் உப்புப் பூத்துவிடும். பொன்மலை ரயில்வே பட்டறைச் சங்கு ஊதினால் மத்தியானச் சாப்பாடு. ரசத்தை வாயில் வைத்ததும் கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டும். கொட்டக் கொட்ட "மிக நன்று, மிக நன்று" என்பார். அந்த "மிக நன்று" நான் கற்றுக்கொடுத்தது. என் தமிழைக் கொண்டுபோய் அவர் காந்தி மார்க்கெட்டில் "ஐயா, இக்கத்தரிக்காய்கள் என்ன விலை?" என்று கேட்டாராம். அந்தக் கடைக்காரர் எழுந்து நின்று தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டதாக எனக்குச் செய்தி வந்தது. அந்தப் பழி இன்னும் என் தலையில்தான்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. அட்டையில் பெரிதாக 'ஏன்?' என்று எழுதியிருப்பார். நாள் முழுக்கப் பார்த்ததில் புரியாததை எல்லாம் அதில் குறித்துவைத்து, சாயங்காலம் பாடத்துக்கு நான் போனதும் திறப்பார். சாப்பிட்டீர்களா என்று தினமும் ஒன்பது பேர் கேட்கிறார்கள், இல்லை என்று சொன்னால் ஏன் திகைத்து நிற்கிறார்கள்? வழி கேட்டால், தெரியாது என்று ஏன் ஒருவர்கூடச் சொல்வதில்லை? ஒரு வீட்டுக்கு நான் போனால், அடுத்த வீட்டுக்காரர் ஏன் உள்ளே வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் என்னைப் பார்க்கிறார்? ஒருமுறை இப்படி எழுதியிருந்தார்: 'எழுதத் தெரியாதவர்களுக்கு நான் கடிதம் எழுதித் தருகிறேன். இங்கு யாவரும் நலம் என்று தொடங்கச் சொல்கிறார்கள். மூன்றாவது வரியில் வீடு இடிந்துவிட்டது என்கிறார்கள். ஏன்?' அதற்கு நான் ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ரொம்பப் பெருமையாக இருந்தது. நம் ஜனங்கள் கெட்ட செய்தியை அப்படியே தூக்கிப் போடமாட்டார்கள், கேட்கிறவன் நெஞ்சு தாங்குமா என்று பார்த்துப் பார்த்துத்தான் இறக்குவார்கள் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். அவர் வந்து ஒரு வருஷம் ஆனபோது, அந்தப் பெருமைதான் என்னைக் குழியில் தள்ளியது.

அன்று சனிக்கிழமை, எனக்கு அரை நாள் ஆபீஸ். சாமி உப்பிலியபுரம் பக்கம் கிராமங்களைப் பார்க்கப் போயிருந்தார், சாயங்காலம் திரும்புவார். நான் மூன்று மணிக்கே போய் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தேன். தந்திக்காரர் வந்தார். அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்ட விதமே சரியில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவசரமாக இருந்தால் என்ன செய்வது என்று பிரித்தேன். இது மற்றவர்களுக்குச் சொன்னது. உனக்கு உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கை அரித்தது, பிரித்தேன். அப்பாவின் உடல்நிலை மிகவும் மோசம், செபிக்கவும் என்று இங்கிலீஷில் இருந்தது. கீழே அக்காவின் பெயர்.

நம் பக்கத்தில் அப்படி ஒரு தந்தி வந்தால் என்னவென்று உனக்குத் தெரியும். உன் தாத்தா போனபோது எனக்கும் 'சீரியஸ், உடனே புறப்படு' என்றுதான் வந்தது. ரயில் ஏறுமுன்பே நான் அழுதுவிட்டேன். அடித்தவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும், கொண்டுவருகிற தந்திக்காரருக்கும் தெரியும். இந்த ஊரில் சாவைச் சொல்ல எத்தனையோ சொல் உண்டு. ரஹீம் பாய் மௌத் என்பார். எங்கள் ஹெட்கிளார்க் சீரங்கம் பார்த்தசாரதி பரமபதித்துவிட்டார் என்பார். நாம் ஆண்டவரிடம் போய்விட்டார் என்போம். தந்தி ஃபாரத்துக்கு வந்தால் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே வார்த்தைதான், சீரியஸ்.

நேரே பாய் கடைக்குப் போனேன். "பாய், உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விடாதீங்க. சாமியோட அப்பாவைப் பத்தித் தந்தி வந்திருக்கு."

"என்னன்னு?"

"சீரியஸ்னு."

பாய் ரொட்டி வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தார். சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்கிற இன்னாலில்லாஹியை முணுமுணுத்தார். பிறகு, "எப்ப எடுக்கறாங்களாம்?" என்றார். பாப்பா, நடுவில் ஒரு கேள்வி கிடையாது. சீரியஸுக்கு அடுத்தது அடக்கம்.

பாய் யாரிடமும் சொல்லவில்லை. கடையில் பாதிக் கதவை மட்டும் சாத்தினார். அது போதாதா? நாலரை மணிக்குள் ஆரம்பப் பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் சாமி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. பெண்கள் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஓடி, சனிக்கிழமையும் சாயங்காலம்வரை ஆபீசில் இருக்கிற பார்த்தசாரதிக்குப் போன் போட்டுச் சொன்னேன். ரயில்வே டெலிபோன் ரயில்களுக்காக மட்டுமா இருக்கிறது? அவர் டவுன் பஸ் பிடித்து வந்து இறங்கினார். "ஓய், சாமியாரோட தோப்பனார் பரமபதிச்சுட்டாராமே! வயசு என்ன இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, யாரும் கொடுப்பதற்கு முன்பே, "எனக்குக் காபி வேண்டாம், ஆத்துக்குப் போய் ஸ்நானம் பண்ணிட்டுத்தான்," என்றார். நம் எதிர்வீட்டு அந்தோணியம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். ஏழு கடலுக்கு அந்தாண்ட ஏர் ஓட்டின எஞ்சாமி, கெழங்கு வெளையுது, கெல்லி எடுக்க ஆளில்லையே என்று அவள் இழுத்த இழுப்பில், அந்த மனுஷரை முன்பின் பார்த்திராத எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீயும் உன் அம்மாவின் மடியில் உட்கார்ந்து சத்தமாக அழுதாய். மறந்திருப்பாய்.

ஐந்து மணி வாக்கில் சாமி சைக்கிளில் வந்தார். காலெல்லாம் செம்மண். கூட்டத்தைப் பார்த்ததும் இறங்கி, தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, நான் கற்றுக்கொடுத்த அட்சரம் பிசகாத தமிழில் மெதுவாகக் கேட்டார்: "இறந்தவர் யார், ஆசிரியரே?"

பாய்தான், "மொதல்ல டீ குடிங்க சாமி, ஒக்காருங்க," என்றார். அந்தோணியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணு, ஒன்னத் தனியா விட்டுட்டாரேய்யா," என்றாள். அவர் முகம் வெளுத்து, புள்ளிகள் மட்டும் தெரிந்தன. நான் தந்தியை நீட்டினேன். ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "இறக்கவில்லையே! உடல்நிலை மோசம் என்றுதானே இருக்கிறது? உயிரோடு இருக்கிறார்!"

தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. இரண்டு பக்கத்தையும் அறிந்த மேதை நான் ஒருவன்தானே. அங்கே நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். எனக்கு அந்த வழக்கம் இல்லை. "ஃபாதர், அன்னைக்கு சொன்னேனே, கெட்ட செய்திய ஒரேயடியா போடமாட்டாங்கன்னு. இது அப்படித்தான். மனசைத் தேத்திக்குங்க," என்றேன்.

"என் அக்கா அப்படி எழுத மாட்டாள். கோழி இறந்தால் கோழி இறந்தது என்றுதான் எழுதுவாள்."

"கோழி வேற, அப்பா வேற ஃபாதர். எந்த ஊரா இருந்தா என்ன, பொம்பளைப் புள்ளைதானே. அந்த வார்த்தைய எழுதக் கை வருமா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய ஊரைப் பற்றி எனக்கு என்ன தெரியும், சொல்? நம் வீட்டு அட்லஸில் அது இருக்கிற பக்கமே கிழிந்துபோயிருந்தது. ஆனாலும் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். அவரும் யோசித்துப் பார்த்திருப்பார். அக்காவைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, ஒருவேளை அவள் மாறியிருப்பாளோ என்று. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "நோயாளிக்கு ஒரு செபம் இருக்கிறது. மரித்தவருக்கு வேறு செபம். நான் எதைச் சொல்வது, ஆசிரியரே?"

இவ்வளவு பேசுகிறவன், அந்தக் கேள்வியை அவர் மடியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு எழுந்து போனேன்.

மறுநாள் அவர் பதில் கேட்டுத் தந்தி அடித்தார். பதில் வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் காலையில் நோயாளிக்கான செபத்தையும், மாலையில் மரித்தவருக்கான செபத்தையும் சொன்னார். ரொட்டி அப்படியே காய்ந்து கிடந்தது. தெரு அவரை விடவில்லை. ஆள் மாற்றி ஆள் வந்து எதிரில் உட்கார்ந்து, அப்பாவைப் பற்றி இருந்தாரு, செஞ்சாரு என்றே பேசினார்கள். நான் பாடத்துக்குப் போவேன், புத்தகத்தைத் திறப்பார், பக்கத்தைப் புரட்டமாட்டார். 'ஏன்?' நோட்டு மூடியபடி மேஜைமேல் கிடந்தது. ஐந்தாம் நாள் தந்தி வந்தது. இந்தமுறை நான் பிரிக்கவில்லை, பாப்பா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார், கஞ்சி குடித்தார், ஏன் கேட்கிறாய் என்று அந்த அக்கா அடித்திருந்தாள்.

அவர் அங்கியைத் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாக ஓடினார். முதலில் யாரும் நம்பவில்லை. அந்தோணியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாத்தியாரே, புள்ள தாங்காதுன்னு அப்படி மாத்தி அடிச்சிருப்பாங்களோ?" என்று கேட்டாள். பார்த்தசாரதி, "ஓய், இருக்கறவருக்காக நான் தலை முழுகிட்டேனே, அதை யார் திருப்பிக் கொடுக்கறது?" என்று ஆபீசில் ஒரு மாதம் என்னைப் பிடுங்கி எடுத்தார். நான் சிரித்துச் சமாளித்தேன். மன்னிப்புக் கேட்கப் போனபோது மட்டும் சிரிக்க முடியவில்லை. சாமி கோபிக்கவில்லை. நிதானமாக, "அப்பா இறந்திருந்தால் அழுதிருப்பேன். இருந்திருந்தால் காத்திருப்பேன். இந்த நான்கு நாளும் எனக்கு இரண்டும் முடியவில்லை," என்றார். அதில் திருத்துவதற்கு எனக்கு ஒரு எழுத்துக்கூட இல்லை.

அடுத்த மாதம் அந்தக் கிழவரிடமிருந்தே கடிதம் வந்தது. சாமி எனக்குப் படித்துக் காட்டினார். எத்தனை பேர் வந்தார்கள்? பெஞ்சு போதுமானதாக இருந்ததா? குடிக்க என்ன கொடுத்தீர்கள்? என்னைப் பார்க்காமலே என்னைப் பற்றிப் பாடிய அம்மாள் என்ன பாடினாள், அதை இங்கிலீஷில் எழுதி அனுப்ப முடியுமா? கேள்விக்குமேல் கேள்வி! மகனுக்கு அந்த நோட்டு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒப்பாரியை நான்தான் மொழிபெயர்த்தேன். கிழங்கு கெல்ல ஆளில்லை என்ற வரியைப் படித்துவிட்டு, அது மட்டும் உண்மை, ஆள் கிடைப்பது கஷ்டம்தான் என்று பதில் போட்டார். அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். அவர் போனபோது வந்த தந்தியை சாமி என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். அப்பா இன்று காலை இறந்தார் என்று இருந்தது. கோழிக்கு எழுதுகிற மாதிரியே. சாமி அதே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்தோணியம்மாள் பழைய ஒப்பாரியையே பாடினாள். ஒரே அழுகையாக அழுது முடித்து, சாயங்காலம் அவர் டீ குடித்தார்.

இப்போது அவர் உப்பிலியபுரம் பக்கமே தங்கிவிட்டார், தலை நரைத்துவிட்டது. நீ போகிறாய் என்று கேள்விப்பட்டு உனக்கு ஒரு புது நோட்டு கொடுத்தனுப்பியிருக்கிறார், தனிப் பார்சலில் வருகிறது. அட்டையில் ஒரு வார்த்தை மட்டும் எழுதியிருக்கிறார், உள்ளே எல்லாம் காலி. அங்கே போனதும் உன்னையும் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஏன் கல்யாணம் இல்லை, உங்க அப்பா எப்படி விட்டாரு என்று கேட்பார்கள். நின்று பதில் சொல். உன் கையில் எதையாவது எண்ண வேண்டுமென்று ஒரு குழந்தை வந்தால் கையைக் கொடு. அவர்கள் செய்வது உனக்குப் புரியாதபோது நோட்டில் எழுது. புரிந்துவிட்டது என்று தோன்றும்போது இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இரு. நான் மாட்டிக்கொண்டது புரிந்த விஷயத்தில்தான்.

உங்க அப்பா எப்படி விட்டாரு என்று கேட்டால் சொல்வதற்கு உன்னிடம் சரியான பதில் இருக்காது, ஏனென்றால் நாங்கள் அதையும் மறைத்துவிட்டோம். நீ மடத்தில் சேரப்போவதாகச் சொன்ன வாரம் நான் மூன்று நாள் டூர் போனேன் அல்லவா? ஆபீசில் எனக்கு ஏது டூர்? சீரங்கத்தில் பார்த்தசாரதி வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டு அக்காரவடிசலைச் சாப்பிட்டுக்கொண்டு, பெற்றவனை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்துவிட்டாள் என்று புலம்பினேன். அவர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "ஓய், உம்ம பொண்ணு உம்ம எதிர்ல நின்னுண்டு, போகப்போறேன்னு சொல்லிட்டா. எம்பிள்ளை டெல்லிக்குப் போனதை எனக்கு ஸ்டேஷன் மாஸ்டர்னா சொன்னார்! எழுந்து ஆத்துக்குப் போம்," என்றார். எழுந்து வந்தேன். வந்து, டூர் நன்றாக நடந்தது என்று உன்னிடம் சொன்னேன். நீ நேருக்கு நேர் சொன்னாய், நான் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகவே இப்போது நேருக்கு நேர் சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அப்பாவின் ஆபரேஷன் முடியட்டும், அடுத்த கப்பலில் போகிறேன் என்று நீ மதரிடம் கேட்டால், அது உன் உரிமை. நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். எனக்கு எது ஆசை என்று கேட்டால், நீ போக வேண்டும் என்பதுதான். நீ இங்கே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் டாக்டரின் கத்தி ஒன்றும் கூர்மையாகிவிடப் போவதில்லை. ஆனால் உன்னிடம் மறைத்துவைத்து, நீ தெரியாமல் ஏறிப்போவது எனக்கு வேண்டாம். கட்டியோடு சேர்த்துக் குரலும் போனாலும் போகலாம் என்கிறார் டாக்டர். அதைக் கேட்டதும் ஒரு கணம் உன் அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்துபோனதை நான் பார்த்தேன். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். எனக்குப் பயமாக இருக்கிறது, பாப்பா. தமாஷ் எல்லாம் போக, மிச்சம் இருப்பது அதுதான். அதையும் எழுதிவிட்டேன்.

இனிமேல் உனக்கு வருகிற தந்தியை அதில் இருக்கிறபடியே படி. மோசம் என்று வந்தால் நான் மோசமாக இருக்கிறேன், ஆனால் இருக்கிறேன். அப்போது நோயாளிக்கான செபத்தைச் சொல், நன்றாக அழுத்தமாகச் சொல், எனக்கு அது தேவைப்படும். போய்விட்டேன் என்றால் இறந்தார் என்றே வரும். அதை அடிக்க உன் அம்மாவால் முடியாது. அந்தப் பொறுப்பை ரஹீம் பாயிடம்தான் கொடுத்திருக்கிறேன். முதலில் அவர் மறுத்தார். "என்ன வாத்தியாரே, பெத்த மவளுக்கு அப்படிப் பச்சையா எப்படி அடிக்கறது? நம்மால ஆவாது."

"பச்சையாத்தான் அடிக்கணும் பாய்."

"கை வராதுங்க."

"அன்னைக்கு சாமி எந்த செபத்தைச் சொல்றதுன்னு கேட்டாரே, ஞாபகம் இருக்கா பாய்?"

பாய் ஒரு ரொட்டி முழுவதையும் வெட்டி முடித்தார். பிறகு, "சரி, உள்ளதை உள்ளபடி அடிக்கறேன். அதுக்கு வேலையில்லாம அல்லா பாத்துக்குவான்," என்றார். அன்றைக்கு எனக்கு ரொட்டியைக் கொஞ்சம் தடியாக வெட்டிக் கொடுத்தார். தொண்டையில் இறங்காது என்று அவரிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் உள்ளபடி சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறேன், பழக்கமாவதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

தந்தி வராத நாளெல்லாம் நான் சாதாரணமாக இருக்கிறேன் என்று எடுத்துக்கொள். நீ எழுதும்போது 'இங்கு நலம்' என்று எழுதிக் காகிதத்தை வீணாக்காதே. கப்பலில் முதல்நாள் என்ன போட்டார்கள், வாந்தி எடுத்தாயா, கரையில் இறங்கியதும் முதலில் உன்னிடம் பேசியது யார், என்ன கேட்டார்கள், அங்கே காலையில் எந்தச் சங்கு ஊதுகிறது, இதையெல்லாம் எழுது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது?

இதுவரை நேற்றே எழுதிவிட்டேன். இன்று காலை, தபாலில் சேர்ப்பதற்குமுன், இதை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவளிடம் மறைத்துவைத்து உனக்கு உள்ளதைச் சொல்வது நன்றாக இருக்காது அல்லவா? அடுப்படியில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் படித்தாள். நான் வாசலில் நடந்துகொண்டிருந்தேன். திட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். படித்து முடித்து வந்து, காகிதங்களை என்னிடம் நீட்டினாள். இன்னொரு கையில், உறையை ஒட்டுவதற்கு நாலு சோற்றுப் பருக்கை.

"நல்லா அழுத்தி ஒட்டுங்க," என்றாள். "மதரைத் தவிர வேற யாரும் பிரிச்சுடக் கூடாது."

உன் அப்பா